தோல் என்னும் வாயில்



தெரிந்த பொருளிலிருந்து தெரியாத பொருளுக்கு மாணவனை அழைத்துச் செல்ல வேண்டும் என்பது, ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட முதற்பாடம். தலைமையாசிரியர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் அப்பழக்கம் என்னை விட்டபாடில்லை. ஆதலின், உங்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். உங்கள் கையை ஒருமுறை பாருங்கள். அதனைப் போர்த்திருக்கும் தோலைப் பாருங்கள்.

வளர்ந்த மனிதர் ஒருவரின் தோலை விரித்துப் பரப்பினால், அது ஏறத்தாழ 2 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். ஒருவர் படுக்கும் பாயை அது மூடிவிடும். ஆற்றில் நெடுநேரம் நீந்துகிறோம். நீர் உள்ளே புகுந்து நாம் ஊறிப் பருத்துவிடுவதில்லை. வெயிலில் அலைகிறோம், உடலின் நீரெல்லாம் வெளியேறி உலர்ந்துவிடுவதுமில்லை. அப்படியானால் தோல் ஒரு மதில் என்றுதானே சொல்ல வேண்டும்? ஆனால் தலைவலி என்றால் நம் பாட்டி நெற்றியில் சுக்கை அரைத்துப் பற்றிட்டாள். மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்தாள். மதிலுக்கு வெளியே மருந்தைப் பூசி, உள்ளே இருக்கும் நோயை எப்படித் தணிக்க முடியும்? தோல் மதிலா, வாயிலா? இந்தக் கேள்விக்கு மனித இனம் மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக விடை தேடி வந்த வரலாற்றையே இன்று சொல்லப் போகிறேன். அவ்வரலாற்றில் அறிஞர் பலர் வருவர். பெயர் அறியாத தொழிலாளர் பலரும் வருவர். இவ்விருவருள் யார் முதலில் விடையைக் கண்டனர் என்பதை நீங்களே இறுதியில் சொல்லுங்கள்.

எகிப்து நாட்டில் கி.மு. 1550ஐ ஒட்டிய காலத்தில் எழுதப்பட்ட நாணற்சுருள் ஒன்று உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் அதனை வாங்கி வெளியிட்ட ஜெர்மானிய அறிஞரின் பெயரால் அது எபர்ஸ் சுவடி என்று வழங்குகிறது. அதில் எண்ணூறுக்கு மேற்பட்ட மருந்து முறைகள் காணப்படுகின்றன. தேன், கொழுப்பு முதலியவற்றைக் குழைத்துப் பூசும் களிம்புகளும், துணியில் தடவிக் கட்டும் பற்றுகளும் அவற்றுள் பல. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த காலன் என்னும் மருத்துவப் பேரறிஞர், தேன்மெழுகையும் எண்ணெயையும் நீரையும் கலந்து குளிர்ச்சி தரும் களிம்பு ஒன்றைச் செய்தார் என்பர். இன்று கடைகளில் விற்கும் முகக் களிம்புகளுக்கு அதுவே மூதாதை. பண்டை மக்கள் தோலை வாயிலாகவே கருதினர் என்பதற்கு இவை சான்று. ஆனால் அவ்வாயில் எதற்குத் திறக்கும், எதற்கு மூடும் என்பதை அவர்கள் அறியார்.

அறியாமைக்கு விலை கொடுத்தவர் நோயாளரே. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் மேகநோய் பரவியபோது, வைத்தியர்கள் பாதரசக் களிம்பை நோயாளியின் உடலில் தேய்த்து வெப்பமான அறையில் கிடத்தினர். பாதரசம் தோலின் வழியாகவும், ஆவியாகி மூச்சின் வழியாகவும் உட்புகுந்தது. வாயில் உமிழ்நீர் ஓயாது பெருகியது. ஈறு புண்ணாகிப் பற்கள் உதிர்ந்தன. நோய் வெளியேறுகிறது என்று வைத்தியர் மகிழ்ந்தனர். உண்மையில் உள்ளே சென்றது நஞ்சு. வாயில் திறந்தால் மருந்து மட்டுமே புகும் என்னும் நியதி இல்லை. இதுவே தோல் கற்பித்த முதற்பாடம்.

அடுத்த பாடத்தைப் பெரியம்மை கற்பித்தது. பூசுவதை விடுத்து, தோலைக் கீறி உள்ளே செலுத்தும் முறை அது. அம்மைக் கொப்புளத்தின் நீரை நலமுடையோர் தோலில் கீறி ஏற்றினால் நோய் பெரும்பாலும் இலேசாக வந்து போகும். பிறகு ஆயுள் முழுவதும் வராது. இம்முறை ஆசிய நாடுகளில் நெடுங்காலம் வழங்கியது. வங்காளத்தில் இதனைத் தொழிலாகக் கொண்டோர் இருந்தனர். கான்ஸ்டான்டினோபிள் நகரில் ஆங்கிலத் தூதரின் மனைவியாக வாழ்ந்த மேரி வோர்ட்லி மாண்டேகு சீமாட்டி, அங்கே பெண்கள் இவ்வாறு கீறுவதைக் கண்டு, 1718இல் தம் மகனுக்கும், 1721இல் இலண்டனில் தம் மகளுக்கும் அதனைச் செய்வித்தார். 1796ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள், எட்வர்டு ஜென்னர் ஒரு பால்காரப் பெண்ணின் கையிலிருந்த பசுவம்மைக் கொப்புளத்தின் நீரை எடுத்து, ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவனின் கையில் கீறி ஏற்றினார். பசுவம்மை கண்ட பால்காரிக்குப் பெரியம்மை வாராது என்பது அந்நாட்டு உழவர் பேச்சு. ஜென்னரின் பெருமை, அப்பேச்சைக் கேட்டுச் சிரிக்காமல் சோதித்துப் பார்த்ததில் இருக்கிறது. ஆறே ஆண்டுகளில் அம்முறை கடல் கடந்தது. 1802ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் நாள், பம்பாயில் ஆன்னா டஸ்டால் என்னும் மூன்று வயதுக் குழந்தை இந்தியாவில் முதன்முதல் அம்மை குத்தப் பெற்றது.

என் தோளில் வட்டமான தழும்பு ஒன்று இருக்கிறது. நான் தொடக்கப் பள்ளியில் படித்தபோது அம்மை குத்துபவர் வந்தார். பற்கள் பொருந்திய சிறு வட்டத் தகட்டை என் தோளில் வைத்துத் திருகினார். நான் அழுதேன், வகுப்பே அழுதது. உங்கள் தாத்தா பாட்டியர் கையிலும் அத்தழும்பைக் காணலாம். உங்கள் தோளில் இருப்பது காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு, அது வேறு. 1975ஆம் ஆண்டு மே மாதத்திற்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980இல் உலகிலேயே அது ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மனிதர் முற்றிலும் ஒழித்த ஒரே மனித நோய் தோலில் கீறிய கீறலால் ஒழிந்தது.

கீறல் நோயைத் தடுத்தது. வலியைத் தணிக்க என்ன வழி? 1820களில் பிரான்சு நாட்டு மருத்துவர்கள் ஒரு கொடிய முறையைக் கையாண்டனர். எரிச்சலூட்டும் பற்றைப் போட்டுத் தோலில் கொப்புளம் எழச் செய்வர். கொப்புளத்தின் மேற்றோலை உரித்து எடுத்துவிட்டு, அப்பச்சைப் புண்ணில் மார்ஃபின் பொடியைத் தூவுவர். வலி தணியும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு வலியைப் போக்க மற்றொரு வலியை உண்டாக்கும் வைத்தியம் அது. ஆயினும் அதில் ஓர் உண்மை மறைந்திருந்தது. மேற்றோலை உரித்தவுடன் மருந்து எளிதில் நுழைகிறது. எனவே தடை மேற்றோலில்தான் இருக்கிறது. அதன் பொருளை அறிய உலகம் இன்னும் நூறாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குள் ஊசி வந்துவிட்டது. 1844இல் டப்ளின் நகரில் ஃபிரான்சிஸ் ரிண்டு என்னும் மருத்துவர், முகத்தில் தீராத நரம்பு வலி கொண்ட ஒரு பெண்ணுக்கு, உட்குழாய் கொண்ட கருவியால் தோலைத் துளைத்து மார்ஃபினைச் செலுத்தினார். 1853இல் எடின்பரோவில் அலெக்சாண்டர் வுட்டும், லியோனில் சார்லஸ் பிரவாசும் பீச்சுகுழலோடு கூடிய ஊசியைத் தனித்தனியே அமைத்தனர். வலிக்கும் இடத்தில் குத்தினால்தான் பயன் உண்டு என்று வுட் எண்ணினார். எங்கே குத்தினாலும் மருந்து இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் செல்லும் என்று இலண்டன் மருத்துவர் சார்லஸ் ஹண்டர் காட்டினார். ஊசியின் வெற்றி மருத்துவர் மனத்தை மாற்றியது. தோல் ஒரு மதில்; மதிலைத் துளைத்துத்தான் உள்ளே செல்ல வேண்டும் என்னும் எண்ணம் வேரூன்றியது.

தளராத சிலர் வேறு வழிகளையும் தேடினர். பிரான்சின் நாந்து நகரில் ஸ்டீஃபன் லெதுக் என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த சோதனை புகழ் பெற்றது. இரண்டு முயல்களை ஒரே மின்சுற்றில் இணைத்தார். ஒன்றின் தோல்மீது நேர்மின் முனையில் எட்டிக் கொட்டையின் நஞ்சாகிய ஸ்டிரிக்னினை வைத்தார். மற்றொன்றின்மீது எதிர்மின் முனையில் சயனைடை வைத்தார். மின்சாரம் ஓடியதும் இரண்டும் மடிந்தன. மின்னோட்டத்தைத் திருப்பி வைத்துச் செய்தபோது, வேறு இரண்டு முயல்களுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. மின்னேற்றம் பெற்ற துகள்களை மின்சாரம் தோலுக்குள் தள்ளும் என்பது இதனால் விளங்கியது. இம்முறை இன்றும் சிறிய அளவில் வழக்கில் உள்ளது.

இவையெல்லாம் அறிஞர் உலகில் நடந்தவை. அதே காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் நடந்ததைக் கேளுங்கள்.

1847இல் இத்தாலியின் டூரின் நகரில் அஸ்கானியோ சோப்ரேரோ என்பவர் நைட்ரோகிளிசரின் என்னும் திரவத்தைக் கண்டறிந்தார். நாவில் சிறிது தொட்டுப் பார்த்தபோது கடும் தலைவலி வந்தது. 1867இல் ஆல்ஃபிரட் நோபல் அத்திரவத்தை ஒருவகை மண்ணில் ஊறச் செய்து டைனமைட்டு ஆக்கினார். மலைகள் பிளந்தன, சுரங்கங்கள் திறந்தன, நோபல் பெருஞ்செல்வர் ஆனார். அவருடைய தொழிற்சாலைகளிலும், பின்னர் வந்த பிறர் தொழிற்சாலைகளிலும், ஆண்களும் பெண்களும் அப்பொருளைக் கையால் தொட்டு வேலை செய்தனர். வேலைக்குச் சேர்ந்த நாள் அவர்களுக்குத் தலை வெடிப்பது போல் வலித்தது. இரண்டு மூன்று நாள்களில் வலி நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்துத் திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் மீண்டும் தலைவலி. உடலுக்குப் பழகிவிட்ட மருந்து ஒரு நாள் நின்றால் பழக்கம் விட்டுப் போகிறது என்பதைத் தொழிலாளர் தாமே உணர்ந்தனர். அதற்கு ஒரு தந்திரமும் கண்டனர். விடுமுறை நாளில் தொப்பியின் உட்பட்டையில் அப்பொருளைச் சிறிது தடவிக்கொண்டு தலையில் அணிந்து திரிந்தனர். பட்டையிலிருந்து அது நெற்றித் தோலின் வழியே உடலில் ஏறிக்கொண்டே இருக்கும். திங்கட்கிழமை தலை வலிக்காது.

மாணவர்களே, இச்செய்தியைச் சிறிது நின்று சிந்தியுங்கள். தோலில் ஒட்டிய ஒரு பட்டை. அதிலிருந்து நாள் முழுவதும் மெல்ல மெல்ல உடலில் ஏறும் மருந்து. பின்னாளில் விஞ்ஞானிகள் உரிமைப் பட்டயம் பெற்று விற்ற கருவியின் வேலையை, எழுத்தறிவு குறைந்த தொழிலாளர் பழைய தொப்பியால் செய்து முடித்திருந்தனர்!

1879இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் மரல், இரத்தக் குழாய்களை விரிக்கும் இதே பொருள் மார்வலியைத் தணிக்கும் என்று எழுதினார். நோபலுக்கே முதுமையில் இதய நோய் வந்தபோது, அவருடைய மருத்துவர்கள் நைட்ரோகிளிசரினையே எழுதிக் கொடுத்தனர். தம் வாழ்நாள் முழுதும் வெடிக்கச் செய்த பொருளைத் தம்மையே உண்ணச் சொல்கிறார்கள் என்று 1896இல் அவர் ஒரு கடிதத்தில் வியந்தார். அவ்வாண்டின் இறுதியில் மறைந்தார். ஆனால் வாயால் விழுங்கினால் இம்மருந்து குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது. பெரும்பகுதி அங்கேயே அழிந்துவிடுகிறது. நாவின் கீழ் அடக்கினால் உடனே வேலை செய்கிறது. சிறிது நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. தோலின் வழியே சென்றால் கல்லீரலின் முதல் தாக்குதலுக்குத் தப்பும், நெடுநேரமும் நிற்கும். 1950களில் இதனைக் களிம்பாக்கி மார்பில் பூசினர். களிம்பைத் துல்லியமாக அளந்து பூசுவது எளிதன்று, ஆடையிலும் ஒட்டிக்கொண்டது.

தோலின் வல்லமைக்கு மற்றுமொரு சான்று 1933இல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியாயிற்று. பூ விற்பனையாளர் ஒருவர், பூச்சிகொல்லியாகப் பயன்பட்ட நிக்கோட்டின் திரவம் சிந்தியிருந்த நாற்காலியில் அறியாது அமர்ந்தார். கால்சட்டை நனைந்து தோலில் பட்டது. கால் மணி நேரத்தில் குமட்டலும் மயக்கமும் கண்டு மருத்துவமனை சேர்ந்தார். நான்காம் நாள் நலமடைந்தார். காகிதப் பையில் சுருட்டி வைத்திருந்த அதே ஆடையை அணிந்து புறப்பட்டார். ஒரு மணி நேரத்திற்குள் மீண்டும் அதே மயக்கம்! ஆடையில் ஈரம் இன்னும் இருந்தது. நிக்கோட்டினுக்குத் தோல் மதிலன்று, அகலத் திறந்த வாயில் என்பதை அவர் இருமுறை கற்றார்.

அப்படியானால் நீரைத் தடுக்கும் தோல் நிக்கோட்டினை ஏன் தடுக்கவில்லை? 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதற்கு விடை கிடைத்தது. ஒட்டும் பட்டையைத் தோலில் ஒட்டி ஒட்டி உரித்தால், மேற்புறத்துச் செத்த உயிரணுக்கள் படலம் படலமாக வந்துவிடும். அவ்வாறு உரித்த இடத்தில் நீர் தடையின்றி வெளியேறுவதை ஆய்வாளர் கண்டனர். தோலின் தடை முழுவதும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கே கனமுள்ள அந்தச் செத்த படலத்தில்தான் இருக்கிறது! அதன் அமைப்பைச் செங்கற்சுவரோடு ஒப்பிட்டு 1975இல் மைக்கேல்ஸ் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் விளக்கினர். செத்த உயிரணுக்கள் செங்கல். அவற்றிடையே உள்ள கொழுப்புப் பொருள் சாந்து. கொழுப்பில் கரையும் பொருள் சாந்தின் வழியே நழுவிச் செல்லும். கரையாத பொருள் வெளியே நிற்கும். பருமனும் சிறியதாக இருக்க வேண்டும். மூலக்கூற்று எடை 500க்கு மேற்பட்டவை எளிதில் நுழையா என்னும் விதியை 2000ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆய்வாளர் இருவர் வகுத்துரைத்தனர். நிக்கோட்டின் 162, நைட்ரோகிளிசரின் 227, ஆதலால் நுழைகின்றன. இன்சுலின் ஏறத்தாழ 5,800. ஆதலால் நீரிழிவு நோயாளர் இன்றும் ஊசியையே நம்பியிருக்கின்றனர்.

இவ்வறிவைக் கருவியாக்கியவர் உருகுவே நாட்டில் பிறந்த அலெஹாண்ட்ரோ சஃபரோனி. 1968இல் கலிபோர்னியாவில் தம் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆல்சா என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரு பட்டையில் மருந்துத் தேக்கம். அதன்மேல் மருந்தைக் கணக்காகக் கசியவிடும் மென்படலம். தோலோடு ஒட்டும் பசை. இதுவே மருந்து ஒட்டு. மக்கள் பேச்சில் பேட்ச். பிரயாணக் குமட்டலுக்கான ஸ்கோபோலமின் ஒட்டு 1979இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. காதின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும் அச்சிறு வட்டம், மூன்று நாள்களில் செலுத்துவது 1 மில்லிகிராம் அளவே. 1981இல் நைட்ரோகிளிசரின் ஒட்டும் வந்தது. அதனை இருபத்துநான்கு மணி நேரமும் மார்பில் அணிந்திருக்கச் சொன்னார்கள்.

நிகழ்ந்தது என்ன? முதல் நாள் பயன் தந்த ஒட்டு, சில நாள்களில் பயன் குன்றியது. ஆய்ந்தபோது, இடைவிடாது மருந்து சென்றால் உடல் அதற்குப் பழகிவிடுகிறது என்று தெரிந்தது. நாள்தோறும் பத்து அல்லது பன்னிரண்டு மணி நேரம் ஒட்டைக் கழற்றி வைக்க வேண்டும் என்று பிறகு விதி செய்தனர். மாணவர்களே, இது புதிய செய்தியா? தொப்பிப் பட்டையில் மருந்து தடவிய தொழிலாளி, ‘இடைவிடாது பட்டுக்கொண்டிருந்தால் உடல் பழகிவிடும்’ என்பதைத்தானே தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தான்? ஓய்வு நாளுக்குப் பின் தொழிலாளர் சிலர் திடீரென இறந்ததும் 1960களில் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருந்தது. அவர்கள் அறிந்ததை, ஒட்டைச் செய்தோர் பாடமாகக் கொள்ளவில்லை.

நிக்கோட்டின் ஒட்டின் கதை இதற்கு நேர்மாறானது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பனியிலும் மழையிலும் நனைந்த புகையிலையைப் பறிப்போர் குமட்டலும் மயக்கமும் கொள்வது வழக்கம். பச்சைப் புகையிலை நோய் என்று அதற்குப் பெயர். நம் நாட்டில் குஜராத்துப் புகையிலைத் தொழிலாளரிடமும் அது ஆராயப்பட்டுள்ளது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மர்ரே ஜார்விக்கும் ஜெட் ரோசும் அத்தொழிலாளர் படும் துன்பத்தைச் செவிமடுத்தனர். தொழிலாளியை நோயாளியாக்கும் நிக்கோட்டின், புகைப்பவனை விடுவிக்கவும் பயன்படாதோ என்று வினவினர். 1980களில் தம் தோலிலேயே அதனை இட்டுச் சோதித்தனர். 1991இல் நிக்கோட்டின் ஒட்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புகைப்பழக்கத்தை விட முயல்வோர்க்கு அது இன்று உலகெங்கும் துணை நிற்கிறது.

இனி என் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இப்பேச்சு நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையாருக்குப் புற்றுநோய் முதுகெலும்பில் பரவியது. மாத்திரையை விழுங்க இயலாத நிலையில், மருத்துவர் ஃபென்டனில் ஒட்டை எழுதிக் கொடுத்தார். மார்ஃபினைவிட ஐம்பது முதல் நூறு மடங்கு வலிமை வாய்ந்த மருந்து அது. 1990இல் ஒட்டாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூன்று நாளைக்கு ஓர் ஒட்டு. தோளுக்குக் கீழே முதுகில் நானே ஒட்டினேன். வலி தணிந்தது. ஆயினும் மாலையில் முதுகு குடைவதாகச் சொன்னதால், எங்கள் வீட்டு வழக்கப்படி வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுத்தேன். ஒட்டின்மீதே பை கிடந்தது. இரண்டாம் நாள் அவர், “தம்பி, ஒத்தடம் வைத்த பிறகு என்னை யாரோ கிணற்றுக்குள் மெல்ல இறக்குவது போலிருக்கிறது” என்றார். “வலி குறைந்து உறக்கம் வருகிறது, அக்கா, கண்ணை மூடிப் படுங்கள்” என்றேன்.

மூன்றாம் நாள் இரவு அழைத்தேன், அவர் விழிக்கவில்லை. மூச்சை எண்ணினேன், நிமிடத்திற்கு ஆறு. தொலைபேசியில் செவிலியை அழைத்தேன். “சார், முதலில் வெந்நீர்ப் பையை எடுங்கள். ஒட்டைப் பிரித்துவிட்டு உடனே கொண்டு வாருங்கள்” என்றார் அவர். வெப்பம் பட்டால் தோலின் வாயில் அகலத் திறக்கிறது. மருந்து அளவுக்கு மேல் பாய்கிறது. ஒட்டை எடுத்த பின்னும் தோலில் தேங்கிய மருந்து நெடுநேரம் உடலில் ஏறிக்கொண்டிருக்கும். ஆதலால் மாற்று மருந்து கொடுத்து ஒரு நாள் முழுதும் அருகிருந்து காத்தனர். மறுநாள் கண் விழித்த அக்கா என்னைப் பார்த்துச் சொன்ன முதற்சொல்: “நான்தான் சொன்னேனே, தம்பி!”

ஒட்டோடு வந்த தாளை வீட்டுக்கு வந்து எடுத்துப் படித்தேன். வெப்பம் படலாகாது என்று அதில் அச்சிட்டிருந்தது. வினாத்தாளை முழுதும் படித்த பிறகே விடை எழுதத் தொடங்குங்கள் என்று ஆயிரக்கணக்கான மாணவரை எச்சரித்தவன் நான். தாளைப் படியாதது ஒரு பிழை; அதைவிடப் பெரும்பிழை, தோலில் தாங்குபவர் சொன்ன சொல்லைக் கேளாதது. அக்கா அதன்பின் நான்கு மாதங்கள் வாழ்ந்தார். ஒட்டு அவருக்கு வலியற்ற நாள்களைத் தந்தது என்பதையும் நான் மறைத்தல் ஆகாது. ஆனால் அந்த நான்கு மாதமும், ஒத்தடமில்லாத மாலைகளில், “இப்போது எப்படி இருக்கிறது, அக்கா?” என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை நான் காத்திருந்தேன்.

தோலின் வரலாறு முடிந்துவிடவில்லை. 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில், மயிரிழையினும் மெல்லிய நுண்ணூசிகளை அடுக்கிய தகட்டைச் செய்தனர். செத்த படலத்தை மட்டும் துளைத்து, வலி நரம்பைத் தீண்டாமல் மருந்தைச் சேர்க்கும் முயற்சி அது. அவ்வழியில் செய்த தட்டம்மைத் தடுப்பு ஒட்டை ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் குழந்தைகளுக்கு இட்டுச் சோதித்த முடிவுகள் 2024இல் வெளியாயின. அவை நம்பிக்கை தருகின்றன. என் வகுப்பு முழுவதையும் அழவைத்த திருகுத் தகட்டின் பேரப்பிள்ளை என்று அதனைச் சொல்லலாம். அப்பிள்ளைகள் அழ வேண்டியதில்லை.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். தோல் மதிலா, வாயிலா? அது காவலன் நிற்கும் வாயில். சிறியவரை விடும், பெரியவரை நிறுத்தும், கொழுப்பில் கரைவோரை விடும், வெம்மை கண்டால் காவலில் தளரும். இவற்றை முதலில் அறிந்தவர் யார்? பசுவம்மை கண்ட பால்காரி, தொப்பியணிந்த வெடிமருந்துத் தொழிலாளி, புகையிலை பறித்த கூலியாள். அவர்களுக்குக் காரணம் தெரியாது. ஆனால் நிகழ்வது தெரியும். காரணத்தைக் கண்டவர் அறிஞர். நிகழ்வை அறிந்தவன் சொல்ல, காரணம் தேடுபவர் செவிகொடுத்த இடத்தில் மருத்துவம் விரைந்து வளர்ந்தது. செவிகொடாத இடத்தில் தயங்கி நின்றது.

உங்களுள் பலர் நாளை மருத்துவராவீர், செவிலியராவீர், மருந்து செய்வோராவீர். ஏனையோர் என்னைப் போல் வீட்டில் ஒரு நோயாளியின் அருகில் அமர்வீர். மருந்தோடு வரும் தாளைப் படியுங்கள். அதன்பின், மருந்தைத் தன் உடலில் தாங்குபவரிடம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் பாடப்புத்தகத்தில் இல்லாததாக இருந்தால், இன்னும் கவனமாகக் கேளுங்கள்.